பழைய பிக்-அப்பில் எஞ்சின் விளக்கு எரிகிறதா? பாகத்தை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

இருட்டோடு பறித்த மல்லிகை விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போனால் ஒரு விலை, வெயில் ஏறிய பிறகு போனால் வேறு விலை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் தக்காளிக்கும் இதே கதைதான். உழவு, நாற்று, உரம், மருந்து, ஆள்கூலி என்று மாதக்கணக்கில் போட்ட பணமெல்லாம் கடைசி முப்பது, நாற்பது கிலோமீட்டரில் ஒரு பிக்-அப் வண்டியை நம்பி நிற்கிறது. அந்த வண்டி மேட்டில் அமுங்கி, டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், அன்றைய வருமானம் சாலையோரம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

பயிரியல் படித்தவருக்கு வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். அறுவடைக்குப் பின் ஏற்படும் சேதம் பற்றிப் பயிற்சி நடத்தினால், பேச்சு எப்படியும் வண்டியில் வந்து நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. வண்டியின் கம்ப்யூட்டர் தரும் பிழைக் குறியீட்டை, அதாவது மெக்கானிக்குகள் 'கோடு' என்று சொல்வதை, நாம் படிக்கும் முறைக்கும் இலையில் தெரியும் அறிகுறியைப் படிக்கும் முறைக்கும் வேறுபாடு அதிகமில்லை. நிலக்கடலையில் இலை மஞ்சளாகிறது. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கொழுந்து இலை மஞ்சளானால் இரும்புச்சத்து எட்டவில்லை. வேர் அழுகினாலும் மஞ்சள்தான். மஞ்சளைக் கண்டதும் யூரியா மூட்டையை அவிழ்ப்பவர் எப்படியோ, அப்படித்தான் கோட்டில் 'ரெயில் பிரஷர்' என்று வந்ததும் ரெயில் பிரஷர் சென்சாரை வாங்கி மாட்டுபவரும். எந்த அளவீடு வரம்பு தாண்டியது என்பதை மட்டுமே குறியீடு சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

எந்த வண்டியில் குறியீடு இருக்கும்?

டீசல் பம்ப்பும் நாசிலும் முழுக்க இயந்திரமாக இருந்த பழைய வண்டிகளில் கேட்டுப் படிக்க எதுவும் இல்லை. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010-ல் சென்னை போன்ற பெருநகரங்களிலும், 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் ஸ்டேஜ் 6. இப்போது கிராமங்களில் ஓடும் பழைய பொலீரோ பிக்-அப், அதுபோன்ற மற்ற வண்டிகளில் பெரும்பகுதி இந்த இடைக்காலத்தவை. சந்தேகம் இருந்தால் பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் தலையில் ஒவ்வொரு நாசிலின் மேலும் ஒயர் சொருகியிருந்தால் அது காமன் ரெயில் எஞ்சின். உள்ளே கம்ப்யூட்டர் உண்டு, குறியீடும் உண்டு.

ஸ்டியரிங்கின் கீழ், டிரைவர் முழங்கால் பக்கம், பதினாறு துளை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சொருகி செல்பேசியோடு புளூடூத்தில் இணைக்கும் சிறிய ரீடர் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கிறது. மலிவானவற்றில் தரம் ஏறுக்கு மாறாக இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் சாக்கெட் இருந்தும் இந்தப் பொது ரீடரோடு பேசாது, ஒர்க்‌ஷாப்பின் ஸ்கேனர்தான் வேண்டும். வாங்கும் முன் உங்கள் வண்டியில் ஒருமுறை சொருகிப் பார்த்துவிடுவது நல்லது. ரீடரில் விளக்கே எரியாவிட்டால் ரீடரைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சாக்கெட்டுக்குப் போகும் ஃப்யூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் அதற்கும் ஒரே ஃப்யூஸ். செல்பேசி சார்ஜர் போட்டுப் போட்டு அது எப்போதோ எரிந்திருக்கும்.

வேலை முடிந்ததும் ரீடரைக் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது பேட்டரியை மெல்ல மெல்லக் குடித்துவிடும்.

முதலில் எழுதுங்கள், பிறகு அழியுங்கள்

ரீடரில் 'கிளியர்' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும். மனதுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் பிழை ஏற்பட்ட நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த குறிப்பும் சேர்ந்து போய்விடும். அதற்கு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பெயர். எஞ்சின் வேகம், லோடு எத்தனை சதவீதம், தண்ணீரின் வெப்பம், வண்டி போன வேகம் எல்லாம் அதில் இருக்கும். நோய் பார்க்கப் போகும்போது காய்ந்த செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் வயலைக் காட்டினால் என்ன சொல்ல முடியும்? அதனால் குறியீட்டையும் இந்தக் குறிப்பையும் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகே அழியுங்கள்.

விளக்கு தானாக அணைந்துவிட்டால் கோளாறு சரியாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பொதுவான விதிப்படி, அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் அந்தப் பிழை தெரியாவிட்டால் விளக்கு அணையும். குறியீடு அதன் பிறகும் நினைவில் இருக்கும். 'பெண்டிங்' என்று காட்டும் குறியீடு, ஒருமுறை கண்டு இன்னும் உறுதிப்படுத்தாதது. விளக்கு எரியாத நாளிலும் அதைப் பார்த்து வைப்பது பயன்தரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு, எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு, இவை வேறு வகை. அவை எரிந்தால் சந்தையை மறந்துவிட்டு உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். இந்தக் கட்டுரை பேசுவது மஞ்சள் விளக்கைப் பற்றி மட்டும்.

குறியீட்டை எப்படிப் படிப்பது?

எஞ்சின், கியர் தொடர்பான குறியீடெல்லாம் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். பவர்ட்ரெயின் என்பதன் முதலெழுத்து. அடுத்து நான்கு இலக்கங்கள். முதல் இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவன வண்டிக்கும் ஒரே பொருள். 1 என்றால் அந்த நிறுவனம் தானே வைத்துக்கொண்ட பொருள். 1-ல் தொடங்கும் குறியீட்டை செல்பேசியில் தேடினால் வேறொரு நாட்டுக் காரின் விளக்கம் வந்து நிற்கும், அதை நம்பி எதையும் வாங்கக் கூடாது. இரண்டாம் இலக்கம் பகுதியைச் சொல்லும். 0, 1, 2 என்றால் டீசலும் காற்றும், 3 என்றால் எரிதலும் சுழற்சியும், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு.

இதைவிட முக்கியம் விளக்கத்தில் வரும் சொற்கள். 'சர்க்யூட்', 'லோ இன்புட்', 'ஹை இன்புட்' என்று வந்தால் கம்ப்யூட்டர் மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒயரில் வந்த வோல்ட் நம்ப முடியாத அளவு குறைந்திருக்கிறது அல்லது கூடியிருக்கிறது. அப்போது ஒயர், கனெக்டர், சென்சார் மூன்றையும் பார்க்க வேண்டும், அந்த வரிசையில். மாறாக 'பிரஷர் டூ லோ', 'ஃப்ளோ இன்சஃபிஷியன்ட்', 'அண்டர்பூஸ்ட்' என்று வந்தால் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. எஞ்சினில் நிஜமாகவே அழுத்தமோ காற்றோ குறைவு. அங்கே சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரை மாற்றுவது போலத்தான்.

பேட்டரியும் எர்த்தும்

ஒரே நேரத்தில் தொடர்பே இல்லாத நான்கு, ஐந்து குறியீடுகள் வந்தால் நான்கு, ஐந்து பாகங்கள் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் மின்சாரம்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இந்த எண்களில் ஒன்று தவறினாலும் மற்றக் குறியீடுகளை அப்படியே விட்டுவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரின் வழியில் துருவோ, தளர்ந்த போல்ட்டோ இருக்கிறது. நம் வண்டிகளில் இது கூடுதலாக வரக் காரணம் உண்டு. நாம் உரம் ஏற்றுகிறோம். பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு, சிந்திய தூளில் பனி ஈரம் பட்டாலே இரும்பை அரிக்கத் தொடங்கும். எரு ஏற்றி இறக்கிய பிறகு பவர் ஸ்பிரேயரை எடுத்து எஞ்சின் மேலேயே தண்ணீர் பீய்ச்சுவதும் வழக்கமாகிவிட்டது. அந்தத் தண்ணீர் கனெக்டருக்குள் போய்ப் பச்சை பூக்கிறது. வண்டியின் அடிப்பகுதியையும் பெட்டியையும் எவ்வளவு வேண்டுமானாலும் கழுவுங்கள். எஞ்சினை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

எலி இன்னொரு சங்கதி. வைக்கோல் போருக்குப் பக்கத்தில், களத்துக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் வெதுவெதுப்பு இருக்கும். எலிக்கு வேறென்ன வேண்டும்? குறியீடு வந்ததும் ஒயர் கட்டைக் கையால் தடவிக்கொண்டே போய், தோல் உரிந்த இடம், எலிப் புழுக்கை, கடித்த துகள் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஸ்கேனர் வேண்டியதில்லை. ஒரு டார்ச் விளக்கு போதும்.

சென்சார்கள் பலவற்றுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட் பொதுவாகப் போகிறது. அதில் ஒரே ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் அதோடு சேர்ந்த மற்றவையும் பொய் சொல்லத் தொடங்கும். அப்போது சென்சார்களை ஒவ்வொன்றாகக் கனெக்டரிலிருந்து கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. கழற்றும்போது சாவி ஆஃபில் இருக்க வேண்டும்.

மதுரையில் மைனஸ் 40 டிகிரி

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், ரீடரில் நேரடி அளவுகளைப் பாருங்கள். எஞ்சின் தண்ணீரின் வெப்பமும், உள்ளே போகும் காற்றின் வெப்பமும் வெளி வெப்பத்தோடு ஓரிரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற இரும்பு வேறெந்த வெப்பத்தில் இருக்க முடியும்? ஒன்று 27, மற்றொன்று 55 என்று காட்டினால் எது பொய் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சில நேரம் தண்ணீர் வெப்பம் மைனஸ் 40 என்று காட்டும். மதுரையில் மைனஸ் 40! சென்சாரின் ஒயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ கம்ப்யூட்டர் அப்படித்தான் கணக்குப் போடும். இந்தச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். தடை எல்லையில்லாமல் போனால் கடுங்குளிர் என்று அது எடுத்துக்கொள்கிறது. இதற்கு வரும் குறியீடு பி0118. எதிர்ப்பக்கமாக ஒயர் எர்த்தில் உரசினால் பி0117 வரும், வெப்பம் நூறையும் தாண்டி எங்கோ நிற்கும். பல வண்டிகளில் இந்தச் சென்சாரின் தடை 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேல். மல்டிமீட்டர் வைத்து நாமே அளந்துவிடலாம்.

இதே நிலையில், உள்ளிழு குழாயின் அழுத்தத்தையும் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது அது வெறும் வளி அழுத்தம்தான்; சமவெளியில் 100 கிலோபாஸ்கலுக்கு அருகில் இருக்க வேண்டும். ஊட்டி போன்ற உயரத்தில் 77, 78 என்று காட்டினால் அது சரியே. ஊட்டியில் 77 காட்டிய சென்சாரை மேட்டுப்பாளையத்தில் கெட்டுவிட்டது என்று மாற்ற வேண்டாம். கீழே இறங்கியதும் கூடியிருக்கும்.

பி0087: டீசல் அழுத்தம் போதவில்லை

சுமை ஏற்றும் பழைய காமன் ரெயில் பிக்-அப்களில் பணத்தை அதிகம் கரைக்கும் குறியீடு இது. சுமையோடு மேடு ஏறும்போது வண்டி திடீரென அமுங்கும், வேகம் எடுக்காது. எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே வலுவைக் குறைத்துவிடுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். இதைப் பார்த்ததும் உயரழுத்த பம்ப், ரெயில் சென்சார் என்று பேச்சு போகும். இரண்டும் விலை உயர்ந்தவை.

டீசல் போகும் வழியை மனதில் வைத்துக்கொண்டால் தேடல் எளிது. டேங்க், குழாய், டீசல் ஃபில்டர், உயரழுத்த பம்ப், ரெயில், இன்ஜெக்டர். டேங்க் பக்கமிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் மலிவு.

டேங்க் மூடியில் காற்று போகும் சிறு வழி உண்டு. மண் அடைத்துவிட்டால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. வண்டி அமுங்கிய இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்து, அதன் பிறகு வண்டி நன்றாக ஓடினால் செலவு ஒரு மூடிதான்.

அடுத்தது ஃபில்டர். கேனிலும் பேரலிலும் டீசல் வாங்கி வைத்து ஊற்றுகிறவர்கள், புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுவது நல்லது. பாதி நிரம்பிய பேரலில் இரவுக் குளிரில் உள்சுவரில் நீர் கோத்து அடியில் சேரும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். தண்ணீர் கலந்த டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் உள்ளுக்குள் அரித்துவிடும் என்பதால், இதை மாதம் ஒருமுறை பழக்கமாகவே செய்யலாம்.

மூன்றாவது, காற்று இழுப்பது. டேங்கிலிருந்து பம்ப் வரை பல வண்டிகளில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அங்கே குழாயில் நூலளவு விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிடுகிறது. பம்ப்புக்கு முன்னால் ஒரு முழம் ஒளி ஊடுருவும் டீசல் குழாயைத் தற்காலிகமாக இணைத்து எஞ்சினை ஓட்டினால் குமிழி ஓடுவது தெரியும். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது என்றாலும் முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும்.

இங்கேதான் ஃப்ரீஸ் ஃப்ரேம் கைகொடுக்கிறது. அதிக வேகம், அதிக லோடில் பிழை பதிவாகியிருந்தால் டீசல் தேவைக்கு வந்து சேரவில்லை. ஃபில்டர், மூடி, நசுங்கிய குழாய். செல்ஃப் அடிக்கும்போதே பதிவாகியிருந்தால் காற்று இழுக்கிறது, அல்லது சேர்ந்த அழுத்தம் எங்கோ கசிந்து போகிறது. எஞ்சின் பிடிக்க ரெயிலில் ஏறக்குறைய 150 முதல் 200 பார் அழுத்தம் தேவை. பிடித்தபின் ஐடிலில் 250 முதல் 400 பார் வரை இருப்பது வழக்கம், சுமையில் ஆயிரத்தைத் தாண்டும். பல ரீடர்கள் கிலோபாஸ்கலில் காட்டும். 30,000 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 300 பார்தான்.

மலிவானவை எல்லாம் சரியாக இருந்த பிறகு ஒர்க்‌ஷாப்பில் 'ரிட்டர்ன் டெஸ்ட்' கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் டேங்குக்குத் திரும்பும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடித்து அளவை ஒப்பிடுவது அது. மூன்றில் சமமாகவும் ஒன்றில் மிக அதிகமாகவும் இருந்தால், அழுத்தம் அந்த இன்ஜெக்டர் வழியே ஓடிவிடுகிறது. பம்ப்பின் மேல் பழி இல்லை. சிறிது நேரத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்ப்பை இறக்கச் சம்மதிக்கக் கூடாது என்பது என் கருத்து. இன்ஜெக்டரை மாற்ற நேர்ந்தால், பல வண்டிகளில் புதியதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையை வைக்காதீர்கள்

பழைய நாசில் எஞ்சினில் ஏர் பிடித்தால், நாசில் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும் பழக்கம் நமக்கு உண்டு. டிராக்டரிலும் டீசல் மோட்டாரிலும் செய்து கை பழகியிருக்கும். காமன் ரெயிலில் எஞ்சின் ஓடும்போது அதைச் செய்யவே கூடாது. பம்ப்புக்கும் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையிலான இரும்புக் குழாயில் இருக்கும் அழுத்தத்தில், ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவைத் தேடக் கையைக் காட்டாதீர்கள், ஒரு அட்டையைக் காட்டுங்கள். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால், காயம் எறும்புக் கடி அளவுதான், வலியும் இல்லை என்று வீட்டுக்குப் போகக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று அதே சொற்களில் சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

காற்றுப் பக்கம்

பி0101 என்பது உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார். கதிரடிக்கும் களத்துத் தூசியிலும் மண் சாலையிலும் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைகிறது. கம்ப்ரஸரால் ஓங்கி ஊதி ஊதிக் காகிதம் கிழிந்த ஃபில்டர் அதைவிடக் கேடு, ஏனென்றால் தூசி நேராகச் சென்சாரில் படிகிறது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யலாம். துணி, தூரிகை, விரல் எதுவும் படக் கூடாது.

பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு. கரும்புகை, இழுவையின்மை, சில நேரம் விசில் சத்தம். டர்போவைக் கழற்றும் முன் அதிலிருந்து போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வெடிப்பு இருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும்.

பி0401 புகையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு பற்றியது. கரி அடைத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் பல வண்டிகளில் இஜிஆர் சரியாக வேலை செய்கிறதா என்பதைக் கம்ப்யூட்டர் காற்றுச் சென்சாரை வைத்தே கணக்கிடுகிறது. காற்று ஹோஸில் ஓட்டை இருந்தாலும் குற்றம் இஜிஆர் மேல் விழும். தகடு வைத்து அதை அடைத்துவிடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அது சட்டப்படியும் தவறு, புதிய குறியீட்டையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஓடும்போது சூட்டில் அணைந்து, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டியில் பி0335 வந்தால், கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ரீடரில் எஞ்சின் சுழற்சி 0 என்றே நின்றால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் அதன் ஒயரை முதலில் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"லைட் எரியுதுண்ணே, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனால் அவரும் பாவம், குத்துமதிப்பாகத்தான் தொடங்குவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, பி0087 வருது. காலையில ஒரே செல்ஃபுல பிடிக்குது. லோடு ஏத்தி மேடு ஏறினா மட்டும் அமுங்குது. டீசல் ஃபில்டர் போன மாசம் மாத்தினேன், தண்ணி இல்ல. பேட்டரி பன்னண்டரை இருக்கு." அவருக்கு அரை நாள் வேலை மிச்சம். "ரெயில் சென்சார் போட்டுப் பார்ப்போமா தம்பி" என்று அவர் கேட்டால், "ரிட்டர்ன் பிடிச்சுப் பார்த்துட்டுப் போடலாமாண்ணே" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மெக்கானிக்குகள் அந்தக் கேள்வியை விரும்புவார்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் கம்பி அடைப்போ கூண்டோ வெல்டிங் வைக்கப் போகிறீர்கள் என்றால், பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். வெல்டிங் மின்சாரம் கம்ப்யூட்டருக்குள் பாய்ந்தால் அந்தச் செலவுக்குக் கூண்டு பத்து செய்திருக்கலாம்.

ஒவ்வொரு வீட்டிலும் ரீடர் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், வாடகை இயந்திர மையம் இருக்கும் ஊரில் ஒரு ரீடர், ஒரு மல்டிமீட்டர், ஒரு முழம் ஒளிக்குழாய் வைத்திருந்தால் பத்து, இருபது வண்டிகளுக்குப் போதும். விரிவாக்கப் பணியாளர்கள் மண் பரிசோதனை அட்டை எழுதச் சொல்வது போல வண்டிக்கும் ஒரு நோட்டு எழுதச் சொல்லலாம்: தேதி, கிலோமீட்டர், குறியீடு, விளக்கு எரிந்தபோது சுமை எவ்வளவு, மேடா சமதளமா, என்ன செய்தோம்.

வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்து, வெறும் வண்டியாக ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். எந்தச் சுமையில், எந்த மேட்டில் விளக்கு எரிந்ததோ அதே சுமையோடு அதே மேட்டை ஏறி, திரும்பி வந்து 'பெண்டிங்' பகுதியைப் பாருங்கள். அங்கும் எதுவும் இல்லையென்றால் மறுநாள் விடியற்காலைப் பூவை ஏற்றலாம்.